கடல் கடந்து வந்த பெற்றோரின் நோயும் பிள்ளைகளின் கடமையும்

தாய் தந்தையரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்பதில் சமயங்களிடையே பெரிய பிணக்கு இல்லை. ஆயினும் அக்கடமை எவ்வளவு தூரம் செல்லும், அதற்காகும் செலவு யாரைச் சாரும், பிற கடமைகளோடு அது மோதும்போது எது முந்தும் என்னும் கேள்விகளுக்கு அவை ஒரே விடையைத் தருவதில்லை. புலம்பெயர்வு இக்கேள்விகளுக்குப் புதிய கூர்மையைத் தந்துள்ளது. திருகோணமலையின் லிங்கநகர் போன்ற ஊர்களிலிருந்து 1983க்குப் பிந்திய போர்க்காலத்தில் வெளிநாடு சென்றவர்களின் பெற்றோர் இன்று முதுமையை அடைந்து, பேரப்பிள்ளைகளைக் காண்பதற்கென ரொறன்ரோவுக்கோ இலண்டனுக்கோ சில மாதப் பயணமாகச் சென்று வருகின்றனர். அவ்வாறு சென்ற இடத்தில், காப்புறுதி எதுவுமின்றி, மாரடைப்போ பக்கவாதமோ நேர்ந்தால் அதனால் எழும் வைத்தியசாலைக் கட்டணத்தை அறத்தின்படி யார் ஏற்க வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுவது.

இப்பெற்றோர் பழகிய மருத்துவ ஒழுங்கை முதலில் நோக்குதல் வேண்டும். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமானது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்குக்கு மாதந்தோறும் சென்று இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை பெற்றுவரும் ஒருவர், தமக்காக யார் பணம் கட்டுவார் என்று ஒருபோதும் கேட்கப்படுவதில்லை. அங்கு அவர் பெறுவது, குடிமக்கள் வரியின் வழியாக ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவியாதலால், அதைப் பெறுவதில் அவருக்குக் கூச்சமும் இல்லை. விமானம் ஏறியதும் அவர் அந்த ஒழுங்கின் எல்லையைக் கடந்துவிடுகிறார். கனடாவின் மாகாணச் சுகாதாரத் திட்டங்கள் சுற்றுலா விசாவில் வருவோரைப் பொதுவாக உள்ளடக்குவதில்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, அவசரப் பிரிவில் அளிக்கும் சிகிச்சைக்குக் கட்டணம் அறவிடாவிடினும், கட்டணத்துக்கு உட்பட்ட வெளிநாட்டு வருகையாளர் விடுதியில் அனுமதிக்கப்பட்டபின், 2015 முதல், வழமையான செலவின் 150 வீதத்தை அறவிடுகிறது. 10,000 கனேடிய டொலர் கட்டணம் என்பது 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிந்திய நாணய மதிப்பில் இருபது இலட்சம் ரூபாயைத் தாண்டுமாதலால், ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் அதைத் தாமே செலுத்துவார் என எதிர்பார்ப்பது இயலாத காரியம்.

சட்டம் இவ்விடயத்தில் ஒரே குரலில் பேசுவதில்லை. கட்டணத்துக்குப் பொறுப்பாளி பெரும்பாலும் நோயாளியே. பிள்ளை தாமே பொறுப்பேற்பதாகப் படிவத்தில் கையொப்பமிட்டால் நிலைமை மாறும். இங்கிலாந்தின் 1601 ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம் வறிய பெற்றோருக்குப் பிள்ளைகளைப் பொறுப்பாக்கியிருந்தது. 1948 இன் தேசிய உதவிச் சட்டம் அப்பொறுப்பை நீக்கியது. மறுபுறம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2012 இல் ஒரு தாயின் பராமரிப்பு இல்லக் கட்டணம் ஏறத்தாழ 93,000 டொலரை மகனே செலுத்த வேண்டுமென நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலங்கையில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்பைக் கோருவதற்கு வழி செய்துள்ளது. நாட்டுக்கு நாடு இவ்வாறு மாறுவதால், சட்டம் விட்டுவைக்கும் இடத்தை அறவுணர்வே நிரப்ப வேண்டியுள்ளது.

பெற்றோருக்குச் செய்வது திருப்பிக் கொடுக்கும் கடனா என்பது பழைய வினா. வைதிக மரபு மனிதனைத் தேவர், முனிவர், பிதிரர் ஆகிய மூவருக்கும் கடன்பட்டவனாகப் பிறப்பவன் என்கிறது. இதுவே முக்கடன் எனப்படும். புத்தர், பெற்றோர் இருவரையும் நூறு ஆண்டுகள் தோளில் சுமந்தாலும் அவர்கள் செய்த நன்மைக்கு அது ஈடாகாது என்று போதித்ததாக அங்குத்தர நிகாயம் கூறுகிறது. தந்தைக்கு ஈடாக மகன் எதையும் திருப்பித் தர இயலாது என்றே அரிஸ்டோட்டிலும் கருதினார். இவற்றுக்கு மாறாக, ஜேன் இங்கிலிஷ் என்னும் அமெரிக்க மெய்யியலாளர் 1979 இல் வெளியான தம் கட்டுரையில், பெற்றோரின் தியாகம் கேளாமல் செய்யப்பட்டதாதலின் அது கடனை உருவாக்குவதில்லை என்றும், பிள்ளைகளின் பொறுப்பு இருவரிடையே நிலவும் அன்பிலிருந்தே பிறக்கிறது என்றும் வாதிட்டார். அவ்வாதத்தை ஏற்றால் மனத்தாங்கலால் விலகியிருக்கும் தந்தைக்கு நோய்ப்படுக்கையில் எவ்வித உரிமையும் இல்லாமற் போகும். பேணப்பட வேண்டிய தேவை மிகும் வேளையில் பொறுப்பு மறைவதை அறமென ஏற்பது கடினம். எனினும் பழைய நூல்கள் கூறுவதும் கணக்கு வழக்குள்ள கடனை அன்று. ஈடுசெய்ய முடியாத ஒன்றைத் தொகையால் அளக்க முடியாது. ஆகவே முழுக் கட்டணத்தையும் செலுத்தியவர் கடமை தீர்ந்தவராகவும், பாதியைச் செலுத்த நேர்ந்தவர் நன்றி கெட்டவராகவும் ஆவதில்லை.

ஆனால் தொகையால் அளக்க முடியாது என்பதைப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சாக்காக்கவும் இயலாது. இதனை இஸ்லாமியச் சட்ட மரபு மிகத் துல்லியமாகக் காட்டுகிறது. செல்வத்திலிருந்து வறியோருக்குக் கட்டாயமாக அளிக்கப்படும் ஸகாத் என்னும் பங்கை, பொதுவிதியாக, ஒருவர் தம் பெற்றோருக்குக் கொடுக்க இயலாது; வறிய பெற்றோரைப் பேணுவது ஏற்கெனவே அவர்மீது கடமையாதலால், அதைத் தருமக் கணக்கில் எழுதுவது தம் கடனைத் தருமத்தால் அடைப்பதாகும் என்பதே அதன் காரணம். தேவனுக்கு நேர்ந்த காணிக்கை எனப் பொருள்படும் கொர்பான் என்று அறிவித்துத் தாய் தந்தையருக்கு உதவாமல் தப்பியவர்களை இயேசு கண்டித்ததாக மாற்கு நற்செய்தியின் 7 ஆம் அதிகாரம் சொல்வதும் இதே நெறியையே சுட்டும். ஆடி அமாவாசையில் தந்தைக்கும் சித்திரா பூரணையில் தாய்க்கும் விரதம் காக்கும் ஈழத்துச் சைவர்களுக்கும் இது பொருந்தும்: இறந்தபின் செய்யும் கிரியைக்கும் கோயில் திருப்பணிக்கும் முன்னதாக, உயிரோடிருக்கும் தாயின் சிகிச்சை நிற்கிறது.

கடமைக்கு எல்லையும் உண்டு. மகனின் வருமானத்தில் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் உரிய பங்கு இருக்கிறது. வீட்டை இழந்து, குழந்தைகளின் கல்வியைக் கைவிட்டுக் கட்டணத்தைச் செலுத்துவதை எந்த அறநூலும் கட்டாயமாக்கவில்லை எனலாம். தவணைமுறை கேட்பதும், கட்டணக் குறைப்புக்கு விண்ணப்பிப்பதும் மானக்கேடான செயல்கள் அல்ல. உடன்பிறந்தோரிடையே பங்கு பிரிக்கும்போது, ஊரில் தங்கிப் பெற்றோரை ஆண்டுக்கணக்கில் கிளினிக்குக்கு அழைத்துச் சென்ற மகளின் உழைப்பும் பங்காகவே எண்ணப்பட வேண்டும். விருந்தளிக்கும் நாட்டுக்கும் கடமை உண்டு: அமெரிக்காவின் 1986 ஆம் ஆண்டுச் சட்டம், பணம் கட்டும் வசதியைப் பாராமல் அவசர நோயாளியின் நிலையைச் சீராக்க வைத்தியசாலைகளைப் பணிப்பதும், இங்கிலாந்தில் உடனடிச் சிகிச்சை கட்டணத்துக்காகத் தாமதிக்கப்படலாகாது என்றிருப்பதும் அதன் சான்றுகள்.

இவை யாவற்றையும் சீர்தூக்கினால், கடமையின் பெரும்பகுதி நோய் வருமுன்னரே செய்யப்பட வேண்டியது என்பது புலனாகும். கனடா 2011 டிசம்பரில் அறிமுகப்படுத்திய சுப்பர் விசா, அழைக்கப்படும் பெற்றோருக்கு ஓராண்டுக்கேனும் 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. சாதாரண வருகை விசாவில் அந்நிபந்தனை இல்லாமையால்தான் பலர் காப்புறுதியின்றி வந்து சேர்கின்றனர். காப்புறுதியை வாங்கினாலும் போதாது, உண்மையும் வேண்டும். பல ஒப்பந்தங்கள் முன்னரே உள்ள நோய் குறிப்பிட்ட காலம், உதாரணமாக 90 அல்லது 180 நாட்கள், மாற்றமின்றி இருந்தால் மட்டுமே அதற்கு ஈடு தரும். புறப்படுவதற்கு முந்திய மாதம் கிளினிக் புத்தகத்தில் வைத்தியர் கையால் எழுதிய ஒரு மாத்திரை அளவு மாற்றம், பின்னர் முழு ஈட்டையும் மறுக்கக் காரணமாகலாம். பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாதென்று நோயை மறைக்கும் பெற்றோர், அன்பினாலேயே பாரத்தைப் பெருக்குகின்றனர். காப்புறுதி இறைநம்பிக்கைக்கு முரணானது என்னும் தயக்கத்துக்கும் விடை உண்டு. வட்டியையும் நிச்சயமின்மையையும் விலக்கி, உறுப்பினர் ஒருவருக்கொருவர் நட்டத்தைப் பகிரும் தகாபுல் என்னும் முறையை இஸ்லாமிய அறிஞர்கள் வகுத்தனர்.

எனவே பெற்றோரை அழைப்பவர், விமானச் சீட்டின் விலையோடு காப்புறுதிக் கட்டணத்தையும் அழைப்பின் ஒரு பகுதியாகக் கருத வேண்டும். கிளினிக் புத்தகத்தை வரிக்கு வரி படித்தபின்னரே விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். அதற்கு வசதி இல்லையெனில், பெற்றோரை அழைப்பதைத் தள்ளிவைத்து, பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிள்ளைகளே லிங்கநகருக்கு வருவதுதான் முறை. அங்கு பெற்றோருக்கு நோய் வந்தால் அரச வைத்தியசாலை கட்டணம் கேட்காது.