ஏடும் இணையமும்: பற்றின்மையின் அளவுகோல்

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, வல்லம் பகுதியில் உள்ள மேல்சித்தாமூர் சமண மடம், தமிழ்ச் சமணரின் தலைமைப் பீடமாகவும் ஓலைச்சுவடிகளைக் காத்துவந்த இடமாகவும் விளங்குகிறது. தேவைக்கு மேல் பொருளைப் பற்றாமை எனும் அபரிக்கிரகத்தை நோன்பாகக் கொண்ட சமயமே, நூலைப் படியெடுத்து வழங்கும் சாத்திர தானத்தையும் அறமாகப் போற்றியது. கருவியின்மேல் பற்று வைக்காமல் எழுத்தை அடுத்தவர் கையில் சேர்ப்பதே இவ்விரண்டையும் இணைக்கும் நெறி. ஓலை செல்லரிக்கும் முன் புதிய ஓலைக்கு மாற்றப்பட்டதால்தான் நூல்கள் பிழைத்தன.

தனிமனிதர் தம் சிறு இணையதளத்துக்கு வலைப்பதிவு மென்பொருளைத் தேர்வதும் இந்நெறிக்கு உட்பட்டதே. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், இடுகைகளைத் தரவுத்தளம் எனப்படும் அட்டவணைத் தொகுப்பில் வைத்து, வாசகர் கேட்கும்போது பக்கத்தை ஆக்கித் தருகிறது; பலர் சேர்ந்து எழுதும் தளத்துக்கு அது பொருந்தும் என்றாலும், மென்பொருளையும் அதனோடு இணையும் செருகுநிரல்களையும் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. 2008இல் தோன்றிய ஜெக்கில் போன்ற நிலைப்பக்க உருவாக்கிகள், வெற்று உரைக்கோப்புகளிலிருந்து பக்கங்களை முன்கூட்டியே ஆக்கிவைப்பதால், மென்பொருள் வழக்கொழிந்தாலும் கோப்பு எஞ்சும், எவரும் அதைப் படியெடுக்கலாம். எனவே, தன்னிடமிருந்து எழுத்து எளிதில் வெளியேற வழிவிடும் மென்பொருளே தகுதியானது; வசதிகளின் எண்ணிக்கை அதற்கு அடுத்த நிலையிலேயே வைத்து எண்ணத்தக்கது.