மூன்று டப்பா, ஒரு பால்கோவா

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனால் பக்கத்து சீட்காரரிடம் கீழே உள்ள கணக்கைச் சொல்லி வாதத்தைத் தொடங்கினீர்களானால், மதுரை வரை போனாலும் தீராது.

ஆண்டாள் கோயில் பக்கம் ஒரு கடை. மூடிய மூன்று டப்பாக்கள். ஒன்றில் பால்கோவா, மற்ற இரண்டும் காலி. எதில் இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியும். நீங்கள் ஒன்றைத் தொடுகிறீர்கள். அவர் மற்ற இரண்டில் காலியான ஒன்றை எப்போதும் திறந்து காட்டி, "மாத்திக்கிறீங்களா?" என்பார். மாற்றினால் லாபமா?

"அட, மிச்சம் ரெண்டு டப்பா. பாதிக்குப் பாதி. இதுல என்ன இருக்கு?" என்பீர்கள்.

இல்லை. மாற்றுங்கள். ஒன்பது முறை ஆடினால் சராசரியாக மூன்று முறைதான் முதலில் தொட்டதில் பால்கோவா இருக்கும். மீதி ஆறு முறையும் அது கடைக்காரர் திறக்காமல் விட்ட டப்பாவில்தான்.

நம்பிக்கை வரவில்லையா? கவலை வேண்டாம். 1990ல் அமெரிக்காவின் 'பரேட்' பத்திரிகையில் மர்லின் வாஸ் சாவந்த் என்ற பெண்மணி இதே விடையை எழுதினார். சுமார் பத்தாயிரம் கடிதங்கள் வந்தன, பெரும்பாலும் மறுத்து. ஆயிரம் பேருக்குக் கிட்டத்தட்ட பிஹெச்.டி. பட்டம் வேறு! பால் ஏர்டிஷ் என்ற மகா கணித மேதையே ஒப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப ஆடிக் காட்டியபிறகுதான் இறங்கி வந்தார்.

பெரியாழ்வார் மதுரையில் பாண்டியன் சபையில் வாதாடியபோது பொற்கிழி தானே வளைந்து கொடுத்ததாகச் சொல்வார்கள். நமக்கு எந்தக் கிழியும் வளையாது. டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.

இப்போது ஒரு சின்ன மாற்றம். கடைக்காரர் திறக்கவில்லை. எங்கிருந்தோ பாய்ந்து வந்த ஒரு ராஜபாளையம் நாய், நீங்கள் தொடாத இரண்டில் ஒன்றைத் தட்டிவிடுகிறது. காலி! (நாய்க்கு மோப்பம் உண்டே என்காதீர்கள். ஜலதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இப்போது மாற்றலாமா?

மாற்றினாலும் ஒன்றுதான், மாற்றாவிட்டாலும் ஒன்றுதான். நீங்கள் தவறாகத் தொட்ட அந்த ஆறு முறைகளில் மூன்றில் நாய் பால்கோவாவையே கவிழ்த்திருக்கும். அவை கணக்கில் வராது. மிச்சம் மூன்றுக்கு மூன்று. பாதிக்குப் பாதி.

கண்ணில் பட்டது இரண்டிலும் ஒன்றே: ஒரு காலி டப்பா. விடை மட்டும் வேறு. யார் சொன்னாலும் மெய்யைப் பார் என்றார் வள்ளுவர். சொன்னவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதும் அந்த மெய்யில் சேர்த்திதான்.

பால்கோவா போனால் போகட்டும். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாயின் இரண்டு கைக்குழந்தைகள் 1996லும் 1998லும் அடுத்தடுத்து இறந்தன. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்க வாய்ப்பு 8,543ல் ஒன்று, இரண்டு என்றால் அதையே அதால் பெருக்கி 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று கோர்ட்டில் சொன்னார் ஒரு டாக்டர். 1999ல் ஆயுள் தண்டனை.

இரண்டு பிழைகள். ஒரே வீட்டுக் குழந்தைகளுக்குப் பரம்பரைக் காரணம் பொதுவாக இருக்கலாம், அப்படிப் பெருக்கக்கூடாது. அடுத்தது, பெற்ற தாயே இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் அரிதுதானே? அரிதோடு அரிதை அல்லவா நிறுத்துப் பார்க்க வேண்டும்! ராயல் ஸ்டாடிஸ்டிகல் சொஸைட்டி 2001ல் இந்தக் கணக்கைக் கண்டித்தது. வெளியே சொல்லப்படாதிருந்த ஒரு மருத்துவப் பரிசோதனை முடிவு தெரியவந்து, 2003ல்தான் விடுதலை. 2007ல் அந்தத் தாய் இறந்துபோனார்.

வீட்டில் டப்பா கணக்கைப் போட்டுப் பாருங்கள். மனைவியோ மகனோ "தப்பு" என்றால் குரலை உயர்த்தாமல் மூன்று கிண்ணமும் ஒரு புளியங்கொட்டையும் எடுத்து வாருங்கள். முப்பது தடவை ஆடுங்கள். தோற்றால், "நீ சொன்னதுதான் சரி" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். என்றாவது ஒருநாள் உங்கள் வாய்ச்சொல்லில் இன்னொருவர் வாழ்க்கை தொங்கும்போது அந்தப் பழக்கம் உதவும்.