சாமான் லிஸ்ட்

பி.முட்லூர் தாண்டிய பிறகுதான் வீட்டில் என்னென்ன இல்லை என்பது நினைவுக்கு வரும். சிதம்பரத்திலிருந்து கடலூர் திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் கடைக்காரருக்கு லிஸ்ட்டைத் தட்டலாம். நின்றுகொண்டு வந்தால் குரல் செய்திதான். ஆலப்பாக்கத்துக்குள் பதில் வந்துவிடும். “மலைப்பூண்டு இல்லக்கா, நாட்டுப்பூண்டு போடட்டுமா?” திருப்பாதிரிப்புலியூரில் இறங்கிப் போனால் கடை வாசலில் பழைய பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்று, மேலே என் பெயர் எழுதிய துண்டுச்சீட்டோடு இருக்கும். பணம் போனிலேயே போயாயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, டியூஷன் விட்ட பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பெருநகரங்களில் இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. எங்களுக்கு வாட்ஸப் போதுகிறது.

*

இதில் புதிதாக என்ன இருக்கிறது? அம்மா காலத்திலும் லிஸ்ட்தான். பள்ளி நோட்டில் கிழித்த தாளில் துவரம்பருப்பு, உளுந்து, புளி, மிளகாய் வற்றல் என்று எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தால், சாயங்காலம் கடைப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவான். கணக்கு பற்று நோட்டில் ஏறும். எதையும் நாங்கள் அலமாரியிலிருந்து எடுத்ததில்லை.

வாங்குபவரே எடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு வயது நூற்றுச்சொச்சம்தான். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ கடையைத் திறந்து, வந்தவர் கையில் கூடையைக் கொடுத்தார். அதுவரை அங்கேயும் எடுத்துக் கொடுப்பது கடை ஆள் வேலை. சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லி, சம்பளமில்லாத ஒரு வேலையை வாங்குபவர் தலையில் கட்டிவிட்டார்கள். இன்று பெரிய கடைகள் அந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதையே வசதி என்று விற்கின்றன. எங்கள் ஊர் மளிகைக் கடைகள் அதை விட்டதே இல்லை.

*

வண்டியைக் கடை ஓரம் நிறுத்தினால் பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள் என்பதெல்லாம் அகலச் சாலைக்காரர்கள் கண்ட ஏற்பாடு. சிதம்பரம் கீழ வீதியில் ஆனித் தேரன்றும் மார்கழித் தேரன்றும் சைக்கிளைக்கூட நிறுத்த முடியாது. தேர் ஓடாத நாளிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

*

1984 மே மாதம் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் ஊரில் ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயதுப் பெண்மணி, வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட்டை அழுத்தி, டெஸ்கோ கடைக்கு மார்கரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை என்று சொல்லியனுப்பினார். வெளியே நடமாட முடியாத முதியோருக்காக அந்த ஊரில் செய்து பார்த்த ஏற்பாடு அது. நேரமில்லாதவர்களுக்காக இந்த வசதி பிறக்கவில்லை; நடக்க முடியாதவர்களுக்காகப் பிறந்தது. நாங்கள் நடுவில் வந்து சேர்ந்துகொண்டோம்.

இங்கே 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீடு தேடி வருகிறது. மற்றவர்கள் கடைக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டும். ஒரே வீட்டில் அரிசிக்கு வரிசை, கடுகுக்கு வாட்ஸப்.

*

கடலூர்க்காரர்கள் போனில் லிஸ்ட் அனுப்பும் பழக்கத்துக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. 2020 மே மாதம் கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்களோடு மாவட்டத்தில் தொற்று ஏறியபோது, கடைப் படியில் நிற்கவே பயமாக இருந்தது. அடுத்த ஆண்டு ஊரடங்கில் அரசே சொன்னது: மே 31 முதல், போனிலோ ஆன்லைனிலோ கேட்பவர்களுக்கு மளிகைக் கடைக்காரர்கள் காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணிவரை வீட்டுக்கே பொருள் கொடுக்கலாம். அப்போது வாங்கிய கடை நம்பர்கள் இன்னும் போனில் இருக்கின்றன. பயம் போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது.

புயல் சமயத்தில் மட்டும் இது உதவாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய கரை இது. புயல் சின்னம் என்று செய்தி வந்தாலே எல்லார் லிஸ்ட்டும் ஒன்றாகிவிடும்: மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பால் பவுடர், பிரட். அன்று கடையில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். கரண்டும் டவரும் போகுமுன் நேரில் ஓட வேண்டும்.

*

லிஸ்ட்டைப் போனில் அனுப்பாமல் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினால் அவர்களுக்கு உலகம் தெரியும் என்பார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. சிறுமியாக நான் கடையில் கற்றது, பின்னால் வந்த பெரியவர்கள் முன்னால் வாங்கிப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத்தான்.

*

நான் மிச்சம் பிடித்த அரை மணி நேரம் எங்கே போயிற்று? பெட்டி கட்டும் பையன் தலையில். கல்லாவில் ஆள் நிற்கும்போதே அவன் போனைப் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். கால்கிலோ, அரைக்கிலோ, ‘அந்தப் பச்சைக் கவர் சோப்பு’. கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. ஸ்டூல் போட்டிருக்கும் கடைகள் உண்டு. அதில் அரிசிச் சிப்பம் உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்கிறேன்.

இரவு எட்டு மணிக்கு மேல் லிஸ்ட் அனுப்பி உடனே கேட்பதில்லை என்று வைத்திருக்கிறேன். அதனால் அவனுக்குப் பெரிய லாபமொன்றும் இல்லை என்பதும் தெரியும்.

*

நடை மிச்சம், நிற்பது மிச்சம். நினைப்பு மட்டும் மிச்சமாகவில்லை. எண்ணெய் எவ்வளவு இருக்கிறது, மாவுக்கு உளுந்து ஊறப்போட வேண்டிய நாள் எது, மாமனாருக்குச் சர்க்கரை என்பதால் எதைக் குறைக்க வேண்டும், பிள்ளையின் ஸ்கூல் டப்பாவுக்கு நாளை என்ன: இத்தனையும் முதலில் ஒருத்தி தலைக்குள் ஓடி, அதன் பிறகுதான் லிஸ்ட் ஆகிறது. பெட்டியைக் கடைக்காரர் கட்டிவிடுகிறார். வாங்கிவர வீட்டுக்காரரும் போகிறார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் டப்பாவைத் திறந்து பார்க்காமலே “லிஸ்ட் அனுப்பு” என்பார். கடையையே கைக்குள் கொண்டுவந்த போனுக்கும் அஞ்சறைப்பெட்டியில் கடுகு தீர்ந்தது தெரியாது.

இதைப் படிப்பவர் வீட்டில் லிஸ்ட் எழுதாதவராக இருந்தால், இந்த மாதம் அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவையும் நீங்களே திறந்து பார்த்து எழுதுங்கள். யாரையும் கூப்பிட்டுக் கேட்காதீர்கள்.