யார் மேல் தப்பு?

யந்திரங்களைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. வீட்டுத் தையல் மிஷினில் பாபின் சிக்கிக்கொண்டால் மனைவியைக் கூப்பிடுகிறவன் நான். ஆயினும் ஒரு மோட்டார் சைக்கிளோடு மூன்று நாள் முழுசாகக் கழித்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த மூன்று நாளில் அது நாலு தடவை மக்கர் செய்தது. ஒவ்வொரு தடவையும் அதைச் சுற்றி நின்றவர்கள் என்ன பேசினார்கள், யாரைப் பார்த்துப் பேசினார்கள் என்று வேடிக்கை பார்க்கப் போய், கடைசியில் என்னையே பார்த்துக்கொள்ளும்படி ஆயிற்று.

என் தமக்கை மகனுக்கு 27 வயது. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வருகிறவர்களிடம் பந்தயத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது என் தமக்கையின் உத்தரவு. பந்தயம் என்றால் அவன் பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். பணம் கட்டி ஓட்டுகிறவன். டயருக்கும் எண்ணெய்க்கும் நுழைவுக் கட்டணத்துக்குமாக ஒரு பந்தயத்தில் அவனுடைய இரண்டு மாதச் சம்பளம் போய்விடுகிறது. ஜெயித்தால் ஒரு கோப்பை. கோப்பையை வைக்க வீட்டில் இடமில்லை என்று அவன் தாயார் சொல்வாள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதுப் பைத்தியம் அல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஆரம்பமாயிற்று. யுத்த காலத்தில் விமானம் இறங்குவதற்காகச் சோழவரத்தில் போட்ட ஓடுபாதையில்தான் வெகு காலம் பந்தயம் நடந்தது. என் தகப்பனார் செங்குன்றம் வரையில் பஸ்ஸில் போய், அதற்கப்பால் ஜனங்களோடு ஜனமாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்த கதையை, எங்களுக்குச் சோறு போடும்போதெல்லாம் சொல்வார். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு பாதை அமைந்தது. வளைந்து வளைந்து ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். நாங்கள் போனது அங்கேதான்.

நாங்கள் என்றால் மருமகன், நான், ஒரு மெக்கானிக் பையன். பையனுக்கு 19 வயது இருக்கும். அயனாவரத்தில் ஒரு சந்தில் சின்ன ஷெட். அதிகம் பேச மாட்டான்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் முதல் கோளாறு. வேகம் ஏற ஏற என்ஜின் விட்டு விட்டு அடித்தது, ‘மிஸ்ஸிங்’ என்கிறார்கள். பக்கத்துக் கொட்டகையிலிருந்து நாலு பேர் வந்து நாலு வைத்தியம் சொன்னார்கள். டெலிபோனில் தமக்கை, “திருஷ்டிதான், ஓர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு எடுக்கச் சொல்லு” என்றாள். மருமகன், “எனக்கு நேரம் சரியில்லை மாமா” என்றான். பையன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பிளக்கை மாற்றினான், ஓட்டிப் பார்க்கச் சொன்னான். பழைய பிளக்கையே திரும்பப் போட்டுவிட்டுக் காயிலை மாற்றினான். ஓட்டிப் பார்க்கச் சொன்னான். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டால் என்ன என்று கேட்டேன். “அப்புறம் எது போச்சுன்னு தெரியாதே சார்” என்றான். ராத்திரி ஒன்பது மணிக்கு, பிளக்கின் தலையில் மாட்டும் தொப்பிக்குள்ளே மயிரிழை போல ஒரு விரிசலைக் கண்டுபிடித்தான். அதற்குள் நாங்கள் விதி, திருஷ்டி, ராகு, இறக்குமதிச் சாமான்களின் தரம் ஆகிய எல்லாவற்றையும் விவாதித்து முடித்திருந்தோம்.

நாங்கள் அத்தனை பேரும் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தோம், அவன் காரணத்தைத் தேடினான் என்று அன்று ராத்திரி எனக்குத் தோன்றிற்று. இது பெரிய கண்டுபிடிப்பு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு, ஒரு கட்டுரைக்கு ஆகும் என்று மனசில் குறித்தும் வைத்துக்கொண்டேன். எழுத்தாளனுடைய புத்தி அப்படி.

சனிக்கிழமை காலையில் கிளட்ச் வழுக்கியது. தட்டுகள் தேய்ந்து போயிருந்தன. தேய்வது அவற்றின் தர்மம், யாரையும் நோவதற்கில்லை. மாற்றினார்கள். மத்தியானம், யார் எந்த வரிசையில் நின்று புறப்படுவது என்று தீர்மானிக்கும் ஓட்டம். மூன்றாவது சுற்றில் செயின் கழன்று போயிற்று. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்த மருமகன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மறுபடியும், “என் நேரம்” என்றான். செயினின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு சிறு கிளிப். அது நெளிந்து ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றுக் கிளிப் எங்களிடம் இல்லை. மருமகனை முந்திவிட வேண்டுமென்று இரண்டு நாளாகப் பாடுபட்டுக்கொண்டிருந்த ஓர் ஆசாமி தம் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைப் பொருத்தும்போது பையன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: “மூடின பக்கம் முன்னாடி ஓடணும் சார். திறந்த பக்கம் முன்னாடி இருந்தா எதுலயாவது பட்டுக் கழண்டுக்கும். இது திருப்பிப் போட்டிருக்கு.”

வியாழக்கிழமை ராத்திரி வீட்டில் அந்தச் செயினை மாட்டியவன் என் மருமகன். பையன் அதை அவனிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் ஓட வேண்டியவனுடைய மனசைக் கெடுப்பானேன் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

நேரம் என்கிற ஒன்று இல்லவே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. 1967-ல் மான் தீவில் நடந்த சீனியர் டி.டி. பந்தயத்தைப் பற்றிப் பந்தயப் பிரியர்கள் இன்றும் பேசுகிறார்கள். மலைச் சாலையில் ஒரு சுற்றுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் இத்தாலிய வண்டியில் அகோஸ்தினி, மறு பக்கம் ஹோண்டாவில் ஹெயில்வுட். ஹெயில்வுட்டின் வண்டியில், வேகத்தைக் கூட்டுவதற்காகக் கையால் முறுக்கும் பிடியே தளர்ந்து போயிற்று. எண்ணெய்க்கு நின்ற இடத்தில் ஒரு சுத்தியலால் அதைத் தட்டிவிட்டு மறுபடி கிளம்பினார். அந்தப் பந்தயத்தில் அவர் ஓட்டிய ஒரு சுற்றின் வேகம் மணிக்கு 108.77 மைல்; 1975 வரை அதை யாரும் மிஞ்சவில்லை. ஆனாலும் முன்னால் போய்க்கொண்டிருந்தவர் அகோஸ்தினிதான். அவருடைய செயின் அறுந்தது, ஹெயில்வுட் ஜெயித்தார். தளர்ந்த பிடி தாக்குப் பிடித்தது, நல்ல செயின் தாக்குப் பிடிக்கவில்லை. இதில் யாருக்கு எவ்வளவு புண்ணியம் என்று எந்தத் தராசில் நிறுப்பது? வள்ளுவரே ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினை உடைமைக்கு ஓர் அதிகாரமுமாக இரண்டையும் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தவர் பர்ட் மன்ரோ என்ற நியூஸிலாந்துக்காரர். 1920-ல் செய்த ஓர் இந்தியன் ஸ்கவுட் வண்டியை அவர் வாழ்நாளெல்லாம் தாமே பிரித்துத் தாமே கூட்டினார். பிஸ்டனைக்கூட விலைக்கு வாங்காமல் தம் ஷெட்டிலேயே வார்த்துக்கொள்வார். 1967-ல், தமது 68-ஆவது வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்பு வெளியில் மணிக்கு 180 மைலுக்கு மேல் ஓட்டி அந்த வகை வண்டிக்கு உலக சாதனை செய்தார். அதற்கு முன் எத்தனை பிஸ்டன்கள் உருகின, எத்தனை தண்டுகள் ஒடிந்தன! அவற்றையெல்லாம் தூக்கி எறியாமல் ஷெட்டில் ஓர் அலமாரியில் வரிசையாக அடுக்கி, வேகம் என்னும் கடவுளுக்கு இவை காணிக்கை என்று எழுதி வைத்திருந்தார். தாமே செய்தது, தாமே ஓட்டியது, தம் கையில் உடைந்தது. பக்கத்தில் திட்டுவதற்கு ஓர் ஆள் இல்லாதவருக்கு எவ்வளவு சௌகரியம் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

எங்கள் கொட்டகையில் ஆள் இருந்தான்.

சனிக்கிழமை ராத்திரி வண்டி நன்றாகத்தான் இருந்தது. சும்மா இருக்கமாட்டாமல் நான், “கார்புரேட்டரையும் எதற்கும் ஒரு தரம் பிரித்துப் பார்த்துவிடலாமே” என்றேன். “நல்லா ஓடுது சார், எதுக்கு?” என்றான் பையன். மருமகன் யோசித்தான். அந்த இரண்டு நாள் அனுபவத்துக்குப் பிறகு அவனுக்கு எதிலும் நம்பிக்கை இல்லை. “மாமா சொல்றதும் சரிதான், பிரிடா” என்றான். பிரித்தார்கள். பெட்ரோல் தங்கும் சின்னக் கிண்ணத்தைக் கழுவி என் கையில் கொடுத்தான் பையன். டார்ச் பிடிப்பதைத் தவிர வேறு உத்தியோகம் எனக்கு இல்லாதபடியால் மிகுந்த சிரத்தையோடு அதை என் தோளில் கிடந்த சிவப்புத் துண்டால் துடைத்துக் கொடுத்தேன். ‘எனக்கும் ஒரு வேலை வந்தது’ என்று உள்ளூரச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை, 17-ஆவது இடத்திலிருந்து புறப்பட்டவன் இரண்டு சுற்றுக்குள் 11-ஆவது இடத்துக்கு வந்துவிட்டான். நான் இத்தனை வயசில் அப்படிக் கத்தியதில்லை. மூன்றாவது சுற்றில் நீண்ட நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வருகையில் என்ஜின் திணறி, தேம்பி, அணைந்து போயிற்று. கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஓரமாக ஒதுங்கினான். பின்னால் வந்தவர்கள் மயிரிழையில் விலகிப் போனார்கள். அந்த ஒரு விநாடியை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்குக்கூடக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறதா என்று அதிகாரிகள் பரிசோதித்த பிறகுதான் வண்டியை உள்ளே விடுகிறார்கள். ஒருவனுடைய அஜாக்கிரதை இன்னொருவனுடைய எலும்பில் போய் முடியும் என்பதால்தான் அந்தக் கெடுபிடி.

கார்புரேட்டரைத் திறந்தார்கள். ஜெட் என்ற பித்தளைத் திருகில் ஒரு குண்டூசி நுழையும் அளவுக்குத் துளை. முழு வேகத்துக்கு வேண்டிய பெட்ரோல் அத்தனையும் அந்தத் துளை வழியாகத்தான் ஏற வேண்டும். மெதுவாக ஓட்டினால் வேறொரு சிறு வழியாகப் பெட்ரோல் போய்விடுமாகையால் கோளாறு தெரியாது. அந்தத் துளையில் பஞ்சும் இழையுமாக ஒரு நூல் சுருண்டு கிடந்தது.

“எத்தனை தடவைடா சொல்றது பாத்துப் பண்ணுன்னு?” என்று ஆரம்பித்தான் மருமகன். இரண்டு மாதச் சம்பளமும் இரண்டு ராத்திரித் தூக்கமும் அந்தக் குரலில் இருந்தன. பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டு அந்த நூலை விரல் நுனியில் வைத்துப் பார்த்தான். நானும் பார்த்தேன். சிவப்பு. என் கை தானாகத் தோளுக்குப் போய், துண்டை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தது. ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கிற நேரம் அந்தப் பையன் வசவு கேட்டான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

1958-ல் போர்ச்சுகலில் நடந்த கார்ப் பந்தயத்தில் ஹாத்தார்ன் விதியை மீறிவிட்டார் என்று அவரை விலக்கப் பார்த்தார்கள். பட்டத்துக்காக அவரோடு மல்லுக்கு நின்ற ஸ்டிர்லிங் மாஸ், தாம் நேரில் பார்த்ததை அதிகாரிகளிடம் சொல்லி அவர் பக்கம் பேசினார். வருஷக் கடைசியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் ஹாத்தார்னுக்குப் போயிற்று. மாஸ் ஆயுளில் ஒரு தரம்கூட அந்தப் பட்டத்தை வாங்கவில்லை. இந்தக் கதையை நான் எத்தனையோ கூட்டங்களில் எடுத்துச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

வண்டியை ஏற்றிக்கொண்டு பையன் டெம்போவில் போனான். மருமகனும் நானும் காரில் வந்தோம். பூந்தமல்லி தாண்டியதும் சொன்னேன். மருமகன் சற்று நேரம் பேசாமல் ஓட்டினான். பிறகு சிரித்துக்கொண்டே, “விடுங்க மாமா, வேணும்னா பண்ணீங்க?” என்றான்.

என்னை உறுத்தியது இதுதான். செயினைத் தலைகீழாகப் போட்டது அவன். அதற்குப் பெயர் நேரம். துண்டால் துடைத்தது நான், அது ‘விடுங்க’. அதே நூலுக்குக் கால் மணி நேரம் வசவு வாங்கியவன், வேலை வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்ன ஒருவன். மருமகன் கெட்டவன் அல்ல. அவனுடைய இடத்தில் நான் இருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் பங்கு பிரித்திருப்பேன். வீட்டில் பால் பொங்கி வழிந்தால் யார் யாரைத் திட்டுகிறோம், ஆபீஸில் ஒரு தாள் காணாமற் போனால் முதலில் யாரைக் கூப்பிடுகிறோம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பூந்தமல்லியில் நான் சொன்ன உண்மையும் யாரிடம் சொன்னால் வலிக்காதோ அவரிடம் சொன்ன உண்மைதானே?

எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்று மார்பில் அடித்துக்கொள்வதிலும் ஒரு டம்பம் இருக்கிறது என்று ஒரு வாரம் கழித்து எனக்கே ஒரு நியாயம் தோன்றிற்று. அந்த நியாயம் எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதைக் கண்டுதான் மறுநாள் அயனாவரத்துக்குப் போனேன்.

பையன் ஒரு ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டிருந்தான். சொன்னேன்.

“தெரியும் சார். நூலு செவப்பா இருந்திச்சே. நம்ம வேஸ்ட் எல்லாம் வெள்ளை” என்றான்.

“அங்கேயே ஏன் சொல்லலே?”

“எப்படி சார் சொல்றது?” என்றான். பிறகு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, “மாட்டறதுக்கு முன்னாடி நானும் காத்து அடிச்சுப் பாத்திருக்கணும். பாக்கலை. அதுவும்தான்” என்றான்.

தன் பங்கை அவன் எவ்வளவு துல்லியமாக எடுத்துக்கொண்டான்! கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

“அண்ணங்கிட்ட சொன்னீங்களா சார்?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“உன்கிட்ட வந்து பேசுவான்” என்றேன்.

அப்படிச் சொல்லும்படி மருமகன் என்னிடம் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வருகிறான். செயின் விஷயத்தையும் சேர்த்துப் பேசவேண்டியிருக்கிறது.