மூலவரும் பூக்கடையும்: கோயிலின் எல்லை குறித்து ஒரு சிந்தனை

இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று போதிக்கும் சைவ சமயமே, அவனை வணங்குவதற்குக் குறிப்பிட்ட ஓர் ஊருக்கும் அவ்வூரிலுள்ள குறிப்பிட்ட ஒரு கருவறைக்கும் செல்லுமாறு அடியவரைப் பணிப்பது ஏன் என்பது நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வரும் வினா. அதனையொட்டிப் பிறக்கும் மற்றொரு வினா அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை. கருவறையில் தொடங்கும் புனிதம் எந்த இடத்தில் முடிகிறது? மதிற்சுவரே அதன் எல்லையா, அல்லது மதிலுக்கு வெளியே வில்வமும் அகல்விளக்கும் விற்பவரின் கடைவரை அது நீள்கிறதா? பழங்கோயில்களை மரபுச் சின்னங்களாகக் காணச் செல்லும் வழக்கம் பெருகிவரும் இக்காலத்தில், கோயிலைச் சுற்றி வாழும் சிறு வணிகரைச் சின்னத்தின் ஒரு பகுதியாகக் கொள்வதா, அதற்கு இடையூறாகக் கொள்வதா என்பது இவ்வினாவுக்குத் தரும் விடையைப் பொறுத்தே அமையும். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்திலுள்ள தேனுபுரீசுவரர் கோயில் இதனை ஆராய்வதற்குத் தக்க களமாகும்.

முதலாம் இராசராசனின் தந்தையான சுந்தர சோழன் (சுமார் 957–973) காலத்தில் எழுப்பப்பட்டதாகக் கருதப்படும் இக்கோயிலின் விமானம், பின்புறம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகைப்போல் தோன்றும் ‘தூங்கானை மாடம்’ என்ற அமைப்பைச் சேர்ந்தது. வடமொழியில் ‘கஜபிருஷ்டம்’ எனப்படும் இந்த அமைப்பு தொண்டை மண்டலத்தில் திருவொற்றியூர், திருமுல்லைவாயில், மணிமங்கலம் முதலிய ஊர்களிலும் காணப்படுகிறது. கோயிலின் முருகப் பெருமான்மீது அருணகிரிநாதர் திருப்புகழ் பாடியுள்ளார். நெடுங்காலம் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராகவும், பின்னர்ப் பேரூராட்சியாகவும் இருந்த மாடம்பாக்கம், 2021-இல் அமைக்கப்பட்ட தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கும் கோயில், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்ற நிலையையும், நாள்தோறும் வழிபாடு நடைபெறும் தலம் என்ற நிலையையும் ஒருங்கே தாங்கியுள்ளது.

தலபுராணம், அதாவது இக்கோயில் தோன்றிய வரலாறாக வழங்கும் புராணக் கதை, கபில முனிவர் இலிங்கத்தை இடக்கையில் ஏந்திப் பூசித்த குற்றத்தால் பசுவாகப் பிறந்தார் என்கிறது. மண்ணுள் புதைந்திருந்த இலிங்கத்தின்மீது அப்பசு நாள்தோறும் பாலைச் சொரிய, பால் வீணாவதாகக் கருதிய இடையன் அதனை அடிக்க, மிரண்ட பசுவின் குளம்பு பட்டு இலிங்கத்தில் வடு உண்டானது. இறைவன் வெளிப்பட்டுப் பசுவுக்கு வீடுபேறு அளித்ததாகவும், கனவில் செய்தி அறிந்த மன்னன் அங்கே கோயில் எடுத்ததாகவும் கதை முடிகிறது. மூலவர் சில அங்குலமே உயரமுள்ள சிறிய இலிங்கம். பின்னப்பட்ட திருமேனியை நீக்கிப் புதியதை நிறுவ வேண்டும் என்பது ஆகமங்களின் பொதுவிதி. ஆயினும், மனிதர் செதுக்காமல் தானே தோன்றியதாகக் கொள்ளப்படும் சுயம்பு மூர்த்தத்துக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே, இங்கு வடு மூர்த்தத்தின் குறையாக எண்ணப்படுவதில்லை, அருள் நிகழ்ந்ததற்குச் சான்றாகவே போற்றப்படுகிறது. கதையில் மன்னன் வருவது கடைசியில்தான் என்பதும் கருதத்தக்கது. அவனுக்கு முன்பே பசுவும், அறியாமையாலேனும் இடையனும் அவ்விடத்தின் புனிதத்தில் பங்கு பெற்றுவிடுகின்றனர்.

இடத்தைச் சார்ந்த வழிபாட்டை ஏற்காத குரலும் தமிழ் மரபில் வலுவாகவே ஒலித்துள்ளது. உள்ளத்துள் இருக்கும் இறைவனை விட்டுக் கல்லைச் சுற்றுவதால் பயன் என்ன என்று சித்தரான சிவவாக்கியர் கேட்டார். பதினெண் சித்தர்களுக்கும் இதே மாடம்பாக்கத்தில் ஒரு கோயில் அமைந்திருப்பதால், கோயில் வழிபாட்டைக் கேள்விக்கு உள்ளாக்கிய மரபே இவ்வூரில் வழிபாட்டுக்கு உரியதாகியிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பர் என்னும் திருநாவுக்கரசரோ இரு நிலைகளையும் தம் வாழ்வில் சேர்த்துக் காட்டினார். இறைவன் எங்கும் உளன் என்று உணராதவர் எத்தலத்துக்குச் சென்றாலும், எத்தீர்த்தத்தில் மூழ்கினாலும் பயனில்லை என்று பாடிய அவரே, புல் செதுக்கும் உழவாரப் படையைக் கையில் ஏந்தி ஊர் ஊராகச் சென்று கோயில் வளாகங்களைத் துப்புரவு செய்தார். இதில் முரண்பாடு இருப்பதாகத் தோன்றினால், தலத்தின் பயன் அங்குச் சென்று சேர்வதில் இருக்கிறது என்ற முன்முடிவே அதற்குக் காரணம். அப்பருக்குத் தலம் என்பது சென்று பெறும் பொருளாக இல்லாமல், தொண்டு செய்வதற்கு வாய்த்த களமாக இருந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் இதற்குக் கோட்பாட்டு வடிவம் தருகிறது. பன்னிரண்டு நூற்பாக்களைக் கொண்ட அந்நூல் பதி, பசு, பாசம் என்னும் மூன்று பொருள்களை, அதாவது இறைவன், உயிர், உயிரைக் கட்டும் மலம் ஆகியவற்றை, ஆராய்கிறது. அதன் இறுதி நூற்பா, மலம் நீங்கிய உயிர் அடியாரோடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு தொழும் என்று முடிகிறது. ஞானத்தின் உச்சியில் நிற்பவனுக்கும் கோயில் தேவையற்றதாகிவிடுவதில்லை என்பதும், அடியார் கூட்டமும் ஆலயமும் அங்கே அருகருகே வைக்கப்பட்டுள்ளன என்பதும் இங்கு நம் வினாவுக்கு முதன்மையான செய்திகள். மனிதரை விலக்கிவிட்டுக் கட்டடத்தை மட்டும் புனிதம் என்று சொல்வதற்குச் சைவ சித்தாந்தம் இடந்தரவில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகள் இதே கருத்தைப் பொருளாதார மொழியில் பேசுகின்றன. அணையாது எரியும் நந்தா விளக்கு ஒன்றை ஏற்ற விரும்பியவர், பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு அளித்தார். அவ்வாடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யை விளக்குக்கு அளக்கக் கடமைப்பட்டனர். ஆடுகள் இறந்தாலும் மூத்தாலும் குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கையை நிலைநிறுத்த வேண்டியிருந்ததால், கல்வெட்டுகள் இவற்றைச் ‘சாவா மூவாப் பேராடுகள்’ என்று குறிக்கின்றன. கொடையாளர் கொடுத்த தானத்தை அணையா விளக்காக்கியது, பெற்ற மந்தையைப் பேணி வேளை தவறாமல் நெய் அளந்த இடையரின் உழைப்பே. தஞ்சைப் பெரிய கோயிலின் நெடிய கல்வெட்டொன்று, ஆடல் மகளிர் நானூற்றுவரைப் பெயர் சுட்டிப் பட்டியலிடுவதோடு, தையற்காரர், வண்ணார், நாவிதர், குயவர் ஆகியோருக்கு அளிக்கப்பட்ட நெற்பங்கையும் பதிவு செய்கிறது. கோயிலைக் கட்டிய அரசனே அதனை ஒரு தொழிலாளர் குடியிருப்பாகவும் கண்டான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாடம்பாக்கத்திலிருந்து வடமேற்கே தொலைவில்லாத குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் இயற்றிய பெரியபுராணமும் இவ்வழியிலேயே செல்கிறது. அவர் பாடிய நாயன்மார்களுள் குயவரான திருநீலகண்டர், துணி வெளுக்கும் திருக்குறிப்புத் தொண்டர், ஆடை வணிகரான அமர்நீதியார், மீனவரான அதிபத்தர் எனத் தொழில் செய்து பிழைத்தோர் பலர் உள்ளனர். திருவொற்றியூரில் எண்ணெய் வணிக மரபில் பிறந்த கலியர் கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் அளித்து வந்தார். செல்வம் தீர்ந்தபின் பிறருடைய எண்ணெயை விற்றுக் கூலி பெற்றும், அதுவும் கிடைக்காதபோது பிறர் செக்கில் வேலை செய்தும் அவர் திருவிளக்குத் தொண்டைத் தொடர்ந்தார். எல்லா வழியும் அடைபட்டபோது தம் குருதியையே எண்ணெயாக வார்க்கத் துணிந்து கழுத்தை அரிந்தார் என்றும், இறைவன் அவர் கையைப் பிடித்துத் தடுத்தான் என்றும் புராணம் கூறும். முடிவின் உக்கிரம் படிப்போரை ஈர்ப்பதால் முன்பகுதி கவனிக்கப்படாமல் போகிறது. கூலி பெற்றுச் செய்த வேலையும் சேக்கிழாரின் பார்வையில் தொண்டின் அங்கமாகவே இருந்தது.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழக்கூடும். எருசலேம் கோயிலில் காசுக்காரரின் மேசைகளை இயேசு கவிழ்த்ததாக நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. இலாபத்துக்காக நிற்பவரை அடியாரோடு சேர்த்து எண்ணுவது பக்தியை மலிவாக்கிவிடாதா என்று இன்றும் கேட்கலாம். வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் இருவகை வணிகத்தைப் பிரித்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். வழிபாட்டுக்கு வேண்டிய பூ, எண்ணெய், தேங்காய், திரி ஆகியவற்றைக் கொடுத்து விலை பெறுவது ஒரு வகை. கடவுளின் அருகாமையையே கட்டணத்துக்கேற்பக் கூறுபோட்டு, பணமுள்ளவரை முன்னும் இல்லாதவரைப் பின்னும் நிறுத்துவது மற்றொரு வகை. முதல் வகையில் விற்கப்படுவது பொருள், இரண்டாவதில் விற்கப்படுவது வரிசையில் ஓர் இடம். கோயில் வாசலில் வணிகம் கூடாது என்று கண்டிப்போர் பல நேரங்களில் மதிலுக்கு வெளியே கூடையோடு அமர்ந்திருப்பவரைச் சாடிவிட்டு, உள்ளே தொங்கும் கட்டணப் பலகையைக் கண்டுகொள்வதில்லை.

கூடை வணிகத்தின் இயல்பையும் சற்று நெருங்கி நோக்குதல் வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில் வாசல்களில் பூ விற்பவர் சரத்தைத் தம் கையால் முழம் போட்டு அளந்தபின், விரற்கடை அளவேனும் கூட்டியே கிள்ளுகிறார். சில்லறை இல்லையென்றால், ‘அடுத்த வாரம் வரும்போது கொடுங்க’ என்று சொல்லிப் பூவைக் கொடுத்து அனுப்புகிறார். பிள்ளையாருக்கு அறுகம்புல், சிவனுக்கு வில்வம், துர்க்கைக்குச் செவ்வரளி என்று கேட்பவருக்கும் கேளாதவருக்கும் சொல்லித் தருகிறார். நடை எப்போது திறக்கும், பிரதோஷ அபிஷேகம் எத்தனை மணிக்கு, செருப்பை எங்கே விடலாம் என்பவற்றுக்கெல்லாம் புதிதாக வருபவர் நாடுவது அவரையே. அளவுக்குமேல் கிள்ளித் தரும் கொசுறும், முகம் தெரியாதவருக்குத் தரும் கடனும் இலாபக் கணக்குக்குள் முழுமையாக அடங்குபவை அல்ல. விலையும் கொடையும் கலந்து நிற்கும் அந்த நடுநிலத்திலேயே ஊர் என்னும் உறவு உயிர்வாழ்கிறது.

மக்களின் ஈடுபாடு புனிதத்தை எவ்வாறு உருவாக்குகிறது என்பதற்கு மாடம்பாக்கம் கோயிலின் மண்டபத் தூண் ஒன்று நேரடிச் சான்று. நரசிம்மரின் உக்கிரத்தைத் தணிக்கப் பறவையும் விலங்கும் கலந்த வடிவில் சிவன் வந்ததாகச் சைவ புராணங்கள் கூறும் சரபேசுவரரின் உருவம் அத்தூணில் புடைப்புச் சிற்பமாக உள்ளது. தூண் சிற்பம் பொதுவாகப் பூசைக்கு உரியதன்று, மண்டபத்தின் அணியே. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 முதல் 6 மணி வரையிலான இராகு காலத்தில் திரளும் அடியவர்களுக்கு அத்தூணே சன்னதியாகிவிடுகிறது. சிற்பியின் உளி முடித்துவைத்த பணியை வழிபடுவோரின் வருகை வேறொன்றாக மாற்றிவிட்டது. அவ்வருகையை நம்பி வாசலில் அகல்விளக்குக் கடைகளும், அக்கடைகளின் துணையோடு வருகையும் நிலைபெறுகின்றன.

தொல்லியல் சட்டம் இச்சிக்கலை ஓரளவே அறிந்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம் வழிபாட்டிடமாகவும் இருந்தால், அதன் இயல்புக்கு ஒவ்வாத நோக்கத்துக்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்று 1958-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. 2010-இல் செய்யப்பட்ட திருத்தம், சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் வகுத்தது. அடுக்குமாடிகள் நெருங்கும் புறநகர்களில் இவ்விதி தேவையானதே. எண்ணெயும் கற்பூரப் புகையும் பழஞ்சிற்பங்களுக்குக் கேடு செய்யும் என்பதும் உண்மையே. விளக்கேற்றத் தனி மேடை, புகை வெளியேற வழி, தூணைத் தொடாத வழிபாட்டு முறை ஆகியவற்றால் இரண்டையும் காக்க முடியும். ஆனால், கல்லை மட்டும் அளந்து எல்லை வகுக்கும் சட்டத்துக்கு, அந்த எல்லைக்குள் தலைமுறையாகப் பூ விற்பவர் கோயிலின் இயல்பைச் சேர்ந்தவரா, ஒவ்வாதவரா என்று கேட்கத் தோன்றவில்லை.

உலக அரங்கிலும் இக்கேள்விக்கு விடை தேடப்பட்டுள்ளது. ஜப்பானின் இசே ஆலயம் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாக எழுப்பப்படுகிறது. அங்கே தொன்மையைச் சுமந்து நிற்பது மரத்தைக் காட்டிலும் தச்சரின் கைத்திறனே. மரபுச் சின்னத்தின் மெய்த்தன்மையை அவ்வப் பண்பாட்டின் சூழலில் வைத்தே மதிப்பிட வேண்டும் என்று 1994-இல் அந்நாட்டின் நாரா நகரில் உருவான ஆவணம் அறிவித்தது. தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் கோயில்களை யுனெஸ்கோ ‘வாழும்’ சோழர் பெருங்கோயில்கள் என்று பெயரிட்டுப் பட்டியலில் சேர்த்ததும் இவ்வுணர்வோடு ஒத்ததே. வாழும் கோயில் என்று ஒப்புக்கொண்டபின், அதனை வாழவைப்போரைக் கணக்கில் கொள்ளாமல் விடுவது பொருந்தாது.

ஆகவே, புனிதத்தின் எல்லை மதில் அன்று. தொண்டு எதுவரை தொடர்கிறதோ அதுவரை கோயிலும் தொடர்கிறது என்பதே சைவ மரபிலிருந்து பெறத்தக்க முடிபு. இம்முடிபுக்கு நடைமுறைக் கடமைகளும் உண்டு. தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டம் 2014 முதல் நடைமுறையில் உள்ளது. கோயில் சூழலைச் சீரமைக்கும் திட்டம் எதுவாயினும், அச்சட்டத்தின்படி வாசற்கடைக்காரருக்கு இடம் ஒதுக்குவதிலிருந்து தொடங்க வேண்டும். மாடம்பாக்கம் போன்ற தலங்களைக் காணச் செல்வோர், எல்லாவற்றையும் நகரத்திலேயே வாங்கி வண்டியில் கொண்டுசென்று, தூங்கானை மாட விமானத்தைப் படம் பிடித்துத் திரும்பிவிடாமல், வாசலில் ஒரு முழம் பூவும் ஓர் அகல்விளக்கும் பேரம் பேசாமல் வாங்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாக விளக்கு அணையாமல் இருக்க நெய் அளந்தவர்களின் வரிசையில் இன்று நிற்பவர்கள் அந்தக் கடைக்காரர்களே.