வரைந்த பாறையும் வரையாத கையும்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சிறு வயதில் பார்த்தவர்கள் "தொடாதே" என்னும் பலகையை மறந்திருக்க மாட்டார்கள். கலைப்பொருள் அப்பால் நிற்கும்; நாம் இப்பால் குரலைத் தாழ்த்திக்கொண்டு நகர வேண்டும். அண்மைக் காலத்தில் பெருகியுள்ள வேறொரு வகை ஓவியக் கூடங்களில் இம்முறை தலைகீழாகிவிட்டது. ஓவியர் ஏ.பி. ஸ்ரீதர் 2016இல் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்கிய 'கிளிக் ஆர்ட் மியூசியம்' நம் நாட்டில் இவ்வகைக்கு முன்னோடி எனலாம். இங்கே தொடலாம், ஏறலாம், அமரலாம். படமெடுத்துக்கொள்ளாமல் வருவதுதான் குறை. மனிதர் நுழையாதவரை இங்குள்ள ஓவியம் அரைகுறையே. சுவரில் ஒரு முதலை வாய் பிளந்து நிற்கும். அதன் பற்களுக்கிடையே ஒருவர் தலையை நீட்டும்போதுதான் படம் நிறைவு பெறும்.

"தன்னைத் தானே படமெடுத்து மகிழும் தலைமுறை" என்று இதைக் கடிந்துகொள்வோர் உண்டு. மறையுரை மேடைகளிலும் அது எளிதாகக் கிடைக்கும் பொருள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இக்கூடங்களுக்குத் தனியே வருவோர் சிலரே. ஒருவர் முதலையின் வாயில் நிற்க வேண்டுமானால் மற்றொருவர் கேமராவைப் பிடித்தாக வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் வரைந்த பறக்கும் கம்பளத்தின்மேல் செருப்பைக் கழற்றிவிட்டு அமர்ந்து சிரித்ததை நான் கண்டேன். அந்தச் சிரிப்பில் தற்பெருமை ஏதும் எனக்குத் தென்படவில்லை.

இதன் நுட்பம் பழையது. ஓவியர் முதலில் ஓரிடத்தைத் தேர்ந்துகொள்கிறார். அங்கிருந்து நோக்குவார்க்கு எப்படித் தெரிய வேண்டுமோ அப்படிக் கோடுகளை நீட்டியும் குறுக்கியும் இழுக்கிறார். சுவரும் தரையும் சந்திக்கும் மூலையை நிழலால் மறைக்கிறார். நம் இரு கண்களும் சற்றே விலகி நின்று பார்ப்பதால் ஆழமின்மையை ஓரளவு கண்டுகொள்கின்றன. ஒற்றைக் கண்ணுடைய கேமராவோ முற்றிலும் ஏமாறுகிறது.

உரோமையில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் கட்டப்படாமல் போன குவிமாடத்திற்குப் பதிலாக, இயேசு சபைச் சகோதரர் அந்திரேயா பொட்சோ 1685இல் தட்டையான திரையில் ஒரு குவிமாடத்தைத் தீட்டினார். 1694இல் நடுக்கூட விதானத்தையும் வானம் திறந்ததுபோல் வரைந்து முடித்தார். அங்கே தரையில் ஒரு பளிங்கு வட்டம் பதிக்கப்பட்டுள்ளது. அதன்மேல் நின்றால் தூண்கள் விண்ணோக்கி எழும். சில அடி விலகினால் சாய்ந்து விழுவனபோல் தோன்றும். பொட்சோ தம் வித்தையை ஒளிக்கவில்லை. நிற்க வேண்டிய இடத்தைக் குறித்ததன் வழியே, "இது வரைந்தது" என்று ஒப்புக்கொண்டுமிருக்கிறார்.

இத்தகைய தோற்றம் பொய்யாகுமா? பொய்யைப் பற்றிப் புனித அகுஸ்தினாரைப்போல் கண்டிப்புடன் எழுதியவர் அரியர். ஆயினும் அவர் தம் 'தன்னுரையாடல்'களில், ஓர் ஓவியம் உண்மையான ஓவியமாக இருப்பதற்கே அதிலுள்ள குதிரை பொய்க் குதிரையாக இருந்தாக வேண்டும் என்று காட்டுகிறார். பொய்ம்மை பற்றிய நூலில் வேடிக்கைப் பேச்சைப் பொய்களின் கணக்கில் சேர்க்க மறுக்கிறார். பேசுபவரின் தொனியும் மனநிலையும் ஏமாற்றும் எண்ணமின்மையை வெளிப்படையாகக் காட்டிவிடுகின்றன என்பது அவர் கூறும் காரணம். (நிறைவுற்ற ஆன்மாக்கள் வேடிக்கை பேசலாமா என்பதை மட்டும் வேறு கேள்வி என்று ஒதுக்கிவிடுகிறார்!)

அப்படியானால் கூடத்தின் உள்ளே நடப்பது குற்றமற்றது. ஆனால் படம் கூடத்தை விட்டு வெளியேறுகிறதே! தொனியும் சிரிப்பும் அங்கேயே தங்கிவிடுகின்றன. உள்ளிருப்பவர் ஓரடி விலகித் தட்டைச் சுவரைக் காணலாம். படத்தைப் பெறுபவரோ கேமரா நின்ற இடத்தை விட்டு அசையவே முடியாது.

இதை நான் வெறும் தத்துவமாக எண்ணவில்லை. என் தமக்கையின் மக்கள் இருவர். தந்தையின் நிலத்தைப் பங்கிடுவதில் மூண்ட வழக்கால் மூன்றாண்டுகளாகப் பேசிக்கொள்ளாதவர்கள். (இருவரும் இசைந்ததால் எழுதுகிறேன்.) மூத்தவனுடைய மகளின் புதுநன்மைக்காக இளையவனும் வந்திருந்தான். மாலையில் உறவினரும் நண்பர்களுமாக ஒரு கூடத்திற்குச் சென்றோம். அங்கே செங்குத்தான ஒரு பாறை ஓவியம். ஒருவர் விளிம்பில் தொங்க, மற்றவர் மேலிருந்து கைகொடுக்க வேண்டும். "சித்தப்பா, நீங்க தொங்குங்க, அப்பா உங்களைத் தூக்குவாங்க" என்று குழந்தை ஆணையிட்டாள். எல்லாரும் அமைதியாயினர். அவளை மறுக்க ஒருவருக்கும் துணிவில்லை. தரையில் படுத்த இளையவனின் மணிக்கட்டை மூத்தவன் பற்றினான். படம் எடுக்கப்பட்டது. அன்றிரவே யாரோ அதைத் தூத்துக்குடியிலுள்ள தாய்க்கு அனுப்பிவிட்டார்கள்.

தமக்கை என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "தம்பி, பிள்ளைகள் ஒன்றாகிவிட்டார்கள்" என்றாள், அழுதாள். படத்தை அச்சிட்டுக் கூடத்தில் மாட்டியும்விட்டாள்.

யார் பொய் சொன்னது? ஓவியர் அல்லர், குழந்தை அல்லள். அனுப்பியவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஏமாற்றும் எண்ணம் எவரிடமும் இல்லை. ஆயினும் ஒரு தாய் இல்லாததை நம்புகிறாள். தவறான எண்ணம் பிறக்கும்போது எவரும் குற்றவாளியாக இல்லாமலிருக்கலாம். அறிந்தும் அதை நீடிக்க விடும்போது நிலைமை மாறுகிறது என்றே கருதுகிறேன். அவள் நம்பிக்கையைக் கலைப்பது இரக்கமற்றது என்று மூத்தவன் வாதிட்டான். அவ்விரக்கத்தில் தன் சங்கடத்தைத் தவிர்க்கும் ஆசையும் ஒரு பங்கு உண்டு என்றேன். அவன் மறுக்கவில்லை.

ஆனால் தமக்கை கண்டது முற்றும் இல்லாததா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. பாறை வரையப்பட்டது, பள்ளத்தாக்கு வரையப்பட்டது. கை வரையப்பட்டதன்று. மூன்றாண்டுகளுக்குப் பின் அண்ணனின் விரல்கள் தம்பியின் மணிக்கட்டைப் பற்றியது நடந்த செய்தி. படம் முடிந்தபின்னும் அவன் உடனே கையை விடவில்லை என்பதைக் கேமராவுக்குப் பின்னால் நின்ற நான் கண்டேன். அதைச் சமாதானம் என்று சொல்ல மாட்டேன். நடிப்பு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

வழக்கின் அடுத்த தவணை வரும் மாதம். அதற்குமுன் இருவரும் சேர்ந்து தூத்துக்குடிக்குச் சென்று தாயிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுமாறு கேட்டிருக்கிறேன். தனித்தனியே செல்வதாக இருவரும் சொல்கிறார்கள். ஒரே வண்டியில் போங்கள் என்று நான் வற்புறுத்திக்கொண்டிருக்கிறேன்.