திரும்பிய காடும் திரும்பாத காடும்

கெடுக்கப்பட்ட ஒன்று தானாகவே சீராகிவிட்டால், கெடுத்தவனின் கடன் தீர்ந்துவிடுகிறதா?

குருமடத்தில் 'ஈடுசெய்தல்' பற்றிக் கற்ற நாட்களில் நாங்கள் பணத்தையும் பசுமாட்டையும் வைத்தே வழக்காடினோம். எடுத்ததைத் திருப்பிக் கொடு. இயலாவிடில் அதற்கு நிகரானதைக் கொடு. எளிய விதியாகவே அது தோன்றியது. வெட்டிய காட்டுக்கு நிகரானது எது என்று அன்று எங்களில் எவரும் கேட்கவில்லை. கரீபியன் கடலிலுள்ள புவெர்த்தோ ரிக்கோ தீவின் காடுகளைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தக் கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது.

கரும்புக்காகவும் காப்பிக்காகவும் மேய்ச்சலுக்காகவும் அத்தீவின் மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. 1940களின் இறுதியில், தீவின் பரப்பில் ஏறத்தாழ 6 விழுக்காடே காடாக எஞ்சியிருந்தது. இன்றோ பாதிக்கு மேல் காடு! அதன் பெரும்பகுதி நட்டு வளர்த்ததன்று, தானே முளைத்தது.

இதைக் கேட்டதும் மனம் மகிழ்கிறது. ஆனால் அது எப்படி முளைத்தது என்பதையும் கேட்டாக வேண்டும். தொழிற்சாலைகள் வந்தன, மலைச்சரிவில் உழுது பிழைக்க முடியாத குடியானவர்கள் நகரங்களுக்கும், கடல் கடந்து நியூயார்க்குக்கும் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வயல் புதராயிற்று, புதர் காடாயிற்று. மனம் வருந்தி எவரும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. உண்ணும் உணவின் பெரும்பகுதியை இன்று அத்தீவு வெளியிலிருந்தே தருவித்துக்கொள்கிறது. அதை விளைவிக்க வேறெங்கோ எந்த நிலம் திருத்தப்பட்டதோ!

கைவிடப்பட்ட நிலத்துக்கு முதலில் வருபவை வெயிலை விரும்பும் மரங்கள். செக்ரோப்பியா அவற்றுள் ஒன்று. அதன் நுண்ணிய விதைகளை வௌவாலும் பறவையும் பரப்பும். மண்ணுக்குள் கிடக்கும் விதை ஒளி பட்டதும் விழித்தெழும். விரைந்து உயரும் இம்மரம், மென்மரமாதலால் விரைவிலேயே சாயும். அது விரிக்கும் நிழலில் அதன் கன்றுகளே பிழைப்பதில்லை. நிழலைத் தாங்கும் பிற மரங்களே அங்கே தலையெடுக்கும். பிறர் வாழவென்று தன்னை ஒடுக்கிக்கொள்ளும் தியாகி என இம்மரத்தைப் புகழ எழுதுகோல் துடிக்கிறது. ஆயினும் மரத்துக்கு அப்படியோர் எண்ணம் இல்லை. நம் பிரசங்கங்களை அதன்மேல் ஏற்றாதிருப்பதே நேர்மை.

வெப்பமண்டல அமெரிக்காவில், இவ்வாறு மீண்டெழுந்த காடுகளை ஆய்ந்தவர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கு சிந்திக்கத்தக்கது. கைவிடப்பட்ட 20 ஆண்டுகளில், மரவகைகளின் எண்ணிக்கை முதுகாட்டின் அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. ஆனால், எந்தெந்த மரவகைகள், எந்தெந்த அளவில் என்று ஒப்பிட்டால் ஒற்றுமை 34 விழுக்காடே. மேற்கு ஆப்பிரிக்காவையும் சேர்த்து 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, மண்வளம் 10 ஆண்டுகளுக்குள் தேறிவிடுகிறது. முன்பிருந்த மரவகைக் கூட்டம் திரும்பவோ 120 ஆண்டுகளுக்கு மேலாகும். எண்ணிப் பார்ப்பவனுக்குக் காடு வந்துவிட்டது. பெயர் சொல்லி அழைப்பவனுக்கு இன்னும் வரவில்லை.

அத்தீவின் லுக்கியோ மலையில் 16 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒவ்வொரு மரத்தையும் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்நிலம் 1936இல் விமானத்திலிருந்து படம் எடுக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி வெட்டியும் பயிரிட்டும் கலைக்கப்பட்டிருந்தது. மறுபகுதி பெரிதும் தொடப்படாதிருந்தது. அரை நூற்றாண்டு கழிந்தது. 1989இல் ஹியூகோ சூறாவளியும் வீசி ஓய்ந்தது. அதன் பின்னரும், எந்த மரம் எங்கே நிற்கிறது என்று பார்த்தபோது பழைய எல்லை புலப்பட்டது. காப்பிச்செடிக்கு நிழலாக அன்று விட்டுவைத்த மரங்களின் வழிவந்தவை காப்பி விளைந்த பக்கத்திலேயே நின்றன. கலைத்தவர்கள் மறைந்த பின்னும் அவர்கள் கைபட்ட இடம் மறையவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீண்ட காடுகளில் மிகுதியாகக் காணப்படும் மரங்களுள் ஒன்று ஆப்பிரிக்கத் துலிப். நம் மலையூர்ச் சாலைகளிலும் செம்மஞ்சள் பூவோடு நிற்பதுதான். மொட்டைப் பிதுக்கினால் நீர் பீய்ச்சும் என்பதைச் சிறுவர்கள் அறிவார்கள். அழகுக்கென்று கொண்டுவரப்பட்டது, சிறகு கொண்ட விதைகளால் காற்றோடு பறந்து, பாழ்நிலங்களையெல்லாம் பற்றிக்கொண்டது. அந்நியன் என்று இதை வெறுப்பவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. தேய்ந்த மண்ணை முதலில் மூடியது இதுதான். இதன் நிழலில் மண்ணின் மரங்கள் முளைக்கின்றன. ஆனால் இதைக் காட்டி, "பாருங்கள், காடு வந்துவிட்டது, வெட்டியதால் என்ன குறை?" என்று கேட்பவர்களோடும் என்னால் உடன்பட முடியவில்லை. காயம் ஆறியது உடலின் நற்குணம், வெட்டியவனின் நற்குணமன்று.

எனில் ஈடு யாருக்கு, எப்படி? வெட்டியவர்கள் இல்லை, வெட்டுண்டவையும் இல்லை. குறைந்த அளவு, எஞ்சிய முதுகாட்டைத் தொடாதிருப்பதைக் கடனாகக் கொள்ளலாம். மீளும் காட்டுக்குப் பறவையும் விதையும் அங்கிருந்தே வரவேண்டும். இருபது ஆண்டு இளங்காட்டைப் புதரென்று மீண்டும் அழிக்காதிருப்பதும் அக்கடனில் சேரும். இதற்குமேல் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அம்மலையின் முதுகாட்டு மரத்துக்குத் தபோனுக்கோ என்று பெயர். நறுமணப் பிசின் சுரப்பது. முகட்டில் கூட்டமாக நிற்பது. மண்ணுக்கடியில் ஒன்றின் வேர் அடுத்ததன் வேரோடு இணைந்து ஒட்டிக்கொள்வதால், புயலில் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. 1936இன் படத்தில் வெறுமையாய்த் தெரிந்த பக்கத்தில், இன்று பசுமை குறைவின்றி இருக்கிறது. தபோனுக்கோ மட்டும் அங்கே அரிது.